வள்ளியூர்ச் செம்மண்ணில் தரைமூடும் சதைப்பற்றுச் செடிகள்: பாத்தியைக் கார்த்திகை மழையை மனதில் வைத்துப் போடுங்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வள்ளியூர்ப் பக்கம் புது வீடு. முன்னால் ஒரு சென்ட் அளவுக்குச் செம்மண் தரை. கொரியன் புல் போட்டு இரண்டு கோடையிலும் காய்ந்துபோனது. போர் தண்ணீர் உப்பு. ஆனி, ஆடிக் காற்றில் புழுதி வீட்டுக்குள் வருகிறது. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் தண்ணீர் ஊற்ற வசதி இல்லை. டேபிள் ரோஸ் மாதிரிச் சதைப்பற்றான செடிகளைத் தரை முழுக்கப் படரவிடலாமா, எது நிற்கும், எப்படி நடுவது?

தாராளமாகச் செய்யலாம். தண்ணீர்க் கணக்கைப் பார்த்தாலே புரியும். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி, ஏறக்குறைய 40 சதுர மீட்டர். சித்திரை வெயிலில் புல் பச்சையாக நிற்கச் சதுர மீட்டருக்கு நாளைக்கு 5 லிட்டர் வேண்டும். அப்படியானால் தினம் 200 லிட்டர், வாரம் 1,400 லிட்டர். வேர் பிடித்த டேபிள் ரோஸுக்குச் சதுர மீட்டருக்கு வாரம் 10 லிட்டர் போதும். வாரம் 400 லிட்டரில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் இந்தச் செடிகள் வெயிலில் சாவது அபூர்வம். அவை சாவது ஐப்பசி, கார்த்திகையில். வருஷத்து மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. பத்து நாள் அடைமழை பெய்து தண்டின் அடியில் ஈரம் காயாமல் நின்றால், மே மாதத்து 40 டிகிரியைத் தாங்கிய செடி ஒரு வாரத்தில் கூழாகிவிடும். அதனால் பாத்தி போடுவது, மண் கலப்பது, நடும் மாதம், கத்தரிக்கும் மாதம் எல்லாவற்றையும் மழையை நினைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வறட்சியை அந்தச் செடியே பார்த்துக்கொள்ளும்.

எந்தச் செடி என்பதில் நர்சரிக்காரர் சொல்வதை அப்படியே கேட்க வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல், கலிம்போங் மாதிரிக் குளிர்ந்த இடங்களில் வளர்த்த செடம், எச்செவெரியா வகைகள் கடையில் பார்க்க அழகாக இருக்கும். நம் ஊர்த் தரையில் பெரும்பாலானவை ஒரு வைகாசியைத் தாண்டாது. பகல் வெயிலை விட இரவுச் சூடுதான் அவற்றைக் கொல்கிறது. இந்த வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கும். இரவு வெப்பம் 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது அந்த வரவு குறைகிறது, சுவாசத்தில் செலவு கூடுகிறது. செடி கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். நாம் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றுவோம், அழுகிவிடும்.

உங்கள் இடத்துக்கு முதல் தேர்வு டேபிள் ரோஸ், அதாவது பத்துமணிப்பூ. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி என்றாலும் நம் வெயிலுக்கென்றே பிறந்த மாதிரி வளரும். நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்டு நீண்டு பூக்காமல் நிற்கும். இலை அகலமாக இருக்கும் பர்ஸ்லேன் வகை இன்னும் வேகமாகப் படரும், ஆனால் சீக்கிரம் நடுவில் மொட்டையாகும். இரண்டையும் ஒரே பாத்தியில் கலக்காதீர்கள். அகல இலை மற்றதை மூடி அமுக்கிவிடும். நம் வயல்வரப்பில் தானாக முளைக்கும் தரைப்பசலையும் இதே இனம்தான். அது பாத்திக்குள் வந்தால் பிடுங்கிக் கீரைக் கூட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

உப்புத் தண்ணீர் என்கிறீர்கள், அங்கேதான் செசூவியத்தைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடி உப்பளத்து வரப்புகளிலும் கழிமுகச் சேற்றிலும் சிவந்த தண்டோடு படர்ந்து, விரல் நீளத் தடித்த இலையும் சின்ன இளஞ்சிவப்புப் பூவுமாகக் கிடக்குமே, அதுதான். உப்பை உள்ளே வாங்கி இலையில் சேர்த்துவைத்துக்கொள்ளும் செடி. கணுவுக்குக் கணு வேர் விடும், அதனால் மண்ணை இறுக்கிப் பிடிக்கும். சில நாள் தண்ணீர் நின்றாலும் அழுகாது. டேபிள் ரோஸ் அளவுக்குப் பூ அழகு கிடையாது. ஆனால் ஒரு சென்ட்டையும் மூடி, புழுதியை நிறுத்தி, பராமரிப்பு இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நிற்பதில் இதற்கு இணை நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன். போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மில்லிகிராம் அளவு, 1,500 வரை என்றால் டேபிள் ரோஸ் தாராளமாகத் தாங்கும். 3,000 தாண்டினால் யோசிக்காமல் செசூவியத்துக்குப் போய்விடுங்கள். நடுவில் இருந்தால் வாசலை ஒட்டிக் கண்ணில் படும் 100 சதுர அடிக்கு டேபிள் ரோஸ், மீதிக்குச் செசூவியம்.

வேப்பமரத்து நிழல் விழும் மூலை இருந்தால் அங்கே இரண்டும் வேண்டாம். கற்பூரவல்லி, ஊதா இலை டிரடெஸ்காண்டியா, ரியோ மூன்றும் அரை நிழலில் நன்றாக மூடும். டர்ட்டில் வைன் என்று விற்கும் சின்ன இலைக் கொடி நிழலில் மட்டும்தான், நம் வெயில் பட்டால் கருகும். வேம்பு இலை உதிர்க்கும் மாதங்களில் சருகை வாரம் ஒரு முறை கையால் அள்ளிவிட வேண்டும், சருகு படிந்த இடத்தில் கீழே ஈரம் தங்கி அழுகல் தொடங்கும்.

இனி மண். புது வீட்டு முன்பக்கம் என்றால் கொத்தனார் கலவை போட்ட இடமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று அங்குலத்துக்குக் கீழே சிமென்ட் பால் இறங்கி ஒரு தகடு போல இறுகியிருக்கும். கடப்பாரையால் குத்திப் பாருங்கள், டங்கென்று சத்தம் வந்தால் அந்தத் தகட்டை உடைத்து அள்ளி வெளியே கொட்டுங்கள். அதை வைத்துக்கொண்டு மேலே எவ்வளவு நல்ல மண் போட்டாலும் தண்ணீர் இறங்காது. அடுத்து வடிகால் சோதனை. ஓர் அடி ஆழக் குழி வெட்டி நிறைய நீர் ஊற்றி வற்றவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தடவை ஊற்றியது நாலைந்து மணி நேரத்தில் இறங்கினால் நல்ல தரை. மறுநாள் காலையும் நீர் நின்றால் அடியில் சுக்காம்பாறையோ களியோ இருக்கிறது, பாத்தியை இன்னும் உயர்த்த வேண்டும்.

எப்படி இருந்தாலும் பாத்தி தரைக்கு மேலே 6 அங்குலம் உயர்ந்திருக்கட்டும். 100 சதுர அடிக்கு 50 கன அடி மண், அதாவது அரை யூனிட். படிந்து இறங்குவதற்காக இன்னும் 5 முதல் 8 கன அடி கூட வேண்டும். கலவை: உங்கள் செம்மண்ணே 20 கன அடி, கால் அங்குலச் சிப்ஸ் ஜல்லியோ உடைத்த செங்கல் ஓட்டுத் துண்டோ 20, நன்றாக மக்கிய எரு 10. எரு பச்சையாக இருக்கக் கூடாது, கையில் எடுத்தால் சாண வாடை வரக் கூடாது. எம்-சாண்ட் போடுவதானால் கான்கிரீட்டுக்கு விற்கும் பருவெட்டு, கழுவியது. பூச்சுக்கு விற்கும் நைஸ் மணல் வேண்டாம், அதன் தூள் ஈரம் பட்டு இறுகி மண்ணின் கண்ணை அடைத்துவிடும். மேற்பரப்புக்கு ஐந்தடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் வாட்டம் (சரிவு) கொடுங்கள், வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் மண் பற்றி இரண்டு வார்த்தை. மானூர், கயத்தாறு, கோவில்பட்டி மாதிரிக் கரிசல் தரையில் குழி தோண்டி மணல் நிரப்பி நடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். சுற்றிலும் களி, நடுவில் மணல் என்றால் மழைநீர் அத்தனையும் வந்து அந்தக் குழியில் நிற்கும், கரிசல் அதை விடாது. கரிசலைத் தோண்டாமல் அதன் மேலேயே 8 முதல் 10 அங்குலப் பாத்தி ஏற்றுவதுதான் வழி. திசையன்விளை, உடன்குடிப் பக்கத் தேரி மணலில் சிக்கல் நேர்மாறு. அங்கே அழுகல் வராது, ஊற்றிய நீர் நிற்காமல் இறங்கிப்போகும். நாலு பங்கு தேரி மணலுக்கு ஒரு பங்கு குளத்துக் கரம்பையும் அரைப் பங்கு எருவும் சேர்த்தால் போதும், ஜல்லி தேவையில்லை.

மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல் இறங்கும். அது பாத்திமேல் விழுந்தால் மேலே சொன்ன எந்த ஏற்பாடும் பலிக்காது. குழாயை மழைநீர்க் குழிக்குத் திருப்பிவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மாதிரி மழைக்கு எந்தப் பாத்தியும் பொறுப்பேற்க முடியாது. வழக்கமான கார்த்திகை மழையை இந்த உயரமும் வாட்டமும் தாங்கும்.

நடுவதற்கு முன் கோரையை ஒழிக்க வேண்டும், இதில் அவசரம் கூடாது. படர்ந்த டேபிள் ரோஸுக்குள் கோரை புகுந்தால் பிடுங்கும்போது பாதிச் செடியும் கூட வரும். கிழங்கோ கீழேயே நின்றுவிடும். பாத்தியைத் தயார் செய்து தண்ணீர் விட்டு இரண்டு வாரம் சும்மா போடுங்கள். முளைத்ததை மம்பட்டியால் வெட்டாமல், சின்னக் கம்பியால் கிளறிக் கிழங்கோடு எடுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி இரண்டு வாரம். மூன்று முறை இப்படிச் செய்தால் பெரும்பகுதி போய்விடும். சாரணத்தியும் நெருஞ்சியும் அப்போதே முளைத்துக் காட்டிக்கொடுக்கும். களை வராது என்று சொல்லிக் கறுப்பு விரிப்பு விற்பார்கள், அதை விரிக்க வேண்டாம். இந்தச் செடிகள் கணுவில் வேர் விட்டுத்தான் பரவும், விரிப்பு அதைத் தடுக்கும். வெள்ளைக் கூழாங்கல்லும் வேண்டாம். வெளிச்சத்தைத் திருப்பி அடித்து இலையின் அடிப்பக்கத்தையும் சுடும்.

நட ஏற்ற காலம் தை பிற்பாதியும் மாசியும். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. தவறினால் ஆவணி. அதில் நட்டால் மழைக்கு முன் வேரூன்ற இரண்டு மாதம் கிடைக்கும். ஆனி, ஆடியில் நடாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று வள்ளியூர், பணகுடியில் வேர் பிடிக்காத துண்டைப் பிடுங்கியே போட்டுவிடும். ஐப்பசியில் நடவே கூடாது.

நர்சரியில் 400 செடி வாங்க வேண்டியதில்லை. நன்றாகப் படர்ந்த 20 தொட்டி வாங்கினால் ஒவ்வொன்றிலும் 15 முதல் 20 துண்டு எடுக்கலாம். பூக்காத நுனித் தண்டில் 3, 4 அங்குலம் நறுக்குங்கள். கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு நிழலில் காகிதத்தின் மேல் பரப்புங்கள். டேபிள் ரோஸுக்குக் காலையில் வெட்டி மறுநாள் காலை நட்டால் சரி. செசூவியத்துக்கும் அதுவே. கற்றாழை மாதிரித் தடித்தவற்றுக்கு மூன்று நாள் வேண்டும். வெட்டுவாய் தொட்டால் ஈரம் ஒட்டாமல் உலர்ந்த தோல் மாதிரி இருக்க வேண்டும், அதுதான் அளவு. பச்சை வெட்டோடு ஈரமண்ணில் வைத்தால் அதன் வழியாகவே பூஞ்சை ஏறும்.

டேபிள் ரோஸுக்கு ஆறங்குல இடைவெளி, சதுர அடிக்கு நாலு, 100 சதுர அடிக்கு 400. செசூவியத்துக்கும் ஊதா டிரடெஸ்காண்டியாவுக்கும் ஓரடிக்கு ஒன்று. இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து வைத்து, சுற்றி விரலால் அழுத்துங்கள். சாயங்காலம் நடுவது நல்லது. அன்றைக்குப் பூவாளியால் லேசாகத் தெளித்தால் போதும். முதல் பத்து நாள் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு ஆறு வாரம் வரை வாரம் இருமுறை. வாரம் ஒரு தடவைதான் முடியும் என்றீர்கள். இந்த ஆறு வாரத்துக்கு மட்டும் எப்படியாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், குறைந்த பரப்பில் தொடங்கினாலும் பரவாயில்லை. டேபிள் ரோஸ் இரண்டு மாதத்தில் தரையை மூடும், பிறகு வாரம் ஒன்று போதும். 100 சதுர அடிக்கு 15 லிட்டர்க் குடத்தில் ஆறு முதல் ஏழு குடம்.

உப்புத் தண்ணீரை ஊற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. தினமும் கொஞ்சம் தெளித்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மேல்மண்ணில் வெள்ளையாகப் படியும். வாரம் ஒரு தடவை நன்றாக நனையும்படி ஊற்றினால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். இலையில் படாமல் ஓஸைத் தரையோடு வைத்து விடுங்கள். ஆர்.ஓ. கழிவுநீரைச் செசூவியத்துக்கு விடலாம், டேபிள் ரோஸுக்கு வேண்டாம். வாஷிங் மெஷின் நீரை இரண்டுக்கும் விடக் கூடாது. சோப்புத்தூள் சோடா மண்ணை இறுக்கிவிடும்.

தாகமா, அழுகலா என்பதைக் கண்டுபிடிக்கும் விதத்தைக் கவனமாகப் படியுங்கள், பெரும்பாலான செடிகள் இங்கேதான் போகின்றன. மத்தியானம் இரண்டு மணிக்கு வாடிய செடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலை ஆறு மணிக்குப் போய் ஓர் இலையை இரு விரலால் அழுத்துங்கள். சுருங்கி, வளைந்து, ஆனால் தோல் முழுசாக இருந்தால் தாகம், ஊற்றலாம். இலை கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவி, அழுத்தியதும் நீர் கசிந்தால் அழுகல். அப்போது தண்டை மண்மட்டத்தில் பாருங்கள். பழுப்பேறி, இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும். அந்த இடத்து மண்ணில் வெள்ளை நூல் படர்ந்து, அதன் மேல் கடுகளவு பழுப்பு மணிகள் இருந்தால் அது ஸ்கிளிரோஷியம் பூஞ்சை. அந்த மணிகள்தான் அடுத்த வருஷத்துக்கு நோயைக் கொண்டுபோகும். செடியை மட்டும் பிடுங்கினால் போதாது. சுற்றி ஓரடி வட்டத்தில் இரண்டு அங்குல மண்ணையும் அள்ளிச் சாக்கில் கட்டி வெளியேற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மீதிக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து வேரில் ஊற்றலாம். அதைவிட நல்லது, மழைக்கு முன்பே புரட்டாசியில் நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான ட்ரைக்கோடெர்மா விரிடி 100 கிராமை 5 கிலோ மக்கிய எருவில் கலந்து, லேசாக நனைத்து ஒரு வாரம் நிழலில் மூடிவைத்து, 100 சதுர அடிக்குத் தூவுவது. இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள், தாமிர மருந்து ட்ரைக்கோடெர்மாவையும் பாதிக்கும்.

மாவுப்பூச்சி வரும்போது முதலில் கண்ணில் படுவது எறும்பு வரிசை. பாத்தியில் எறும்பு ஏறி இறங்கினால் தண்டின் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், வெயில் சாய்ந்த பிறகு தெளிக்க வேண்டும். பகலில் அடித்தால் எண்ணெய்ப் படலத்தில் இலை வெந்துவிடும். உரம் அதிகம் வேண்டாம். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ மண்புழு உரம், மாசியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை. யூரியா போட்டால் தண்டு தண்ணீர் கோத்து நீளும், அது முதல் மழையிலேயே சாயும்.

டேபிள் ரோஸை நிரந்தரச் செடியாக நினைக்காமல், வருஷச் சுற்றாக நடத்துங்கள். இரண்டு, இரண்டரை மாதத்துக்கு ஒரு தடவை தரையிலிருந்து 3 அங்குலம் விட்டுக் கத்தரித்தால் நடுவில் மொட்டையாகாது. வெட்டியதை வெற்றிடத்தில் நட்டுக்கொள்ளலாம். புரட்டாசியில் முக்கியமான வெட்டு. காற்று புகும்படி நன்றாகக் குறைத்துவிட்டு, நிறத்துக்குப் பத்துத் துண்டு வீதம் தொட்டியில் நட்டு, சன்ஷேடுக்குக் கீழே சாரல் படாமல் வைத்துவிடுங்கள். மழையில் பாத்தி பாதி போனாலும் தையில் அதிலிருந்து மறுபடி நிரப்பலாம். செசூவியத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ஓரம் வெட்டினால் போதும். வெட்டாவிட்டால் நடைபாதையில் ஏறும்.

காற்றுக்கு: மேற்கு ஓரத்தில் ஓரடிக்கு ஒன்றாக மருளோ சோற்றுக் கற்றாழையோ இரட்டை வரிசை நட்டால் புழுதி அங்கேயே விழும், படரும் செடிக்கும் மறைவு. நடப்பதற்கு இந்தச் செடிகள் எதுவும் ஆகாது, மிதித்தால் தண்டு நசுங்கும். இரண்டடிக்கு ஒன்றாகக் கல் பதித்துவிடுங்கள். பாம்பு வருமோ என்று வீட்டில் கேட்பார்கள். நாலைந்து அங்குலத்துக்கு மேல் வளரவிடாமல் வெட்டி, சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு வெறும் ஜல்லி விட்டால் ஏதாவது ஊர்ந்தாலும் கண்ணில் படும். கரையானும் சுவர் ஈரமும் கூட அதனால் குறையும். ஆடும் கோழியும் டேபிள் ரோஸை விரும்பித் தின்னும், வேலி இல்லாமல் தொடங்காதீர்கள். அழகுக்காகக் கலஞ்சோ வகைகளை ஓரத்தில் நட நினைத்தால், மாடோ ஆடோ எட்டும் இடத்தில் வேண்டாம். அது கால்நடைக்கு விஷம்.